ஏரிச் சேறு பூசிய டாங்கிகள்

என் மேசைமேல் இரண்டு டாங்கிகள் நிற்கின்றன. பீரங்கிக் குழலைச் சேர்க்காமல் பார்த்தால் நீளத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்; 8 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒன்று 1984-ல் நான் ஒட்டிய ஷெர்மன். ஏர்ஃபிக்ஸ் பெட்டியில் துண்டு துண்டாக வந்த பிளாஸ்டிக். நிஜ டாங்கியில் 76-ல் ஒரு பங்கு. மற்றது போன மாதம் முடித்த செஞ்சூரியன். அக்கா மகன் வீட்டு அச்சுப்பொறியில் ரெசினால் எடுத்தது. நிஜத்தில் 100-ல் ஒரு பங்கு. ஷெர்மன் பச்சைப் பசேலென்று மின்னுகிறது. செஞ்சூரியன்மேல் சேறு அப்பியிருக்கிறது, விளிம்புகளில் சாயம் உதிர்ந்திருக்கிறது, முன்தகட்டில் மழைநீர் வழிந்த கோடுகள் இருக்கின்றன. நாற்பது வயதானது புதிதாகத் தெரிகிறது. பிறந்து ஒரு மாதமானது கிழமாகத் தெரிகிறது.

ஷெர்மனை வாங்கியது மூர் மார்க்கெட்டில். அப்பா எங்கள் ஊரான மதுராந்தகத்திலிருந்து மீட்டர் கேஜ் ரயிலில் எழும்பூருக்கு அழைத்துப்போய், அங்கிருந்து நடத்தியே சென்ட்ரல் பக்கம் கூட்டிச்சென்றார். பழைய புத்தகம் தேடித்தான் போனோம். புத்தகக் கடைக்கு அடுத்து, உடைந்த கடிகாரங்களுக்கும் கிராமபோன் ஊசிகளுக்கும் நடுவில் அந்தப் பெட்டி இருந்தது. மூடி கிழிந்திருந்தது. ஒட்டும் முறையை விளக்கும் தாள் இல்லை. 15 ரூபாய் கொடுத்தோம். மறுவருடம் மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்துபோனது. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையக் கட்டடம் நிற்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் என் டாங்கி எந்தத் தூணுக்கு அருகே கிடந்தது என்று கண் தேடும்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பொம்மை நம் ஊருக்கு முறையாக வர வழியில்லை. நுகர்பொருள் இறக்குமதிக்கு அரசு கதவைச் சாத்தியிருந்தது. பர்மா பஜார், சிங்கப்பூரிலிருந்து வரும் உறவினரின் பெட்டி, மூர் மார்க்கெட்டின் பழைய சரக்கு என மூன்று சந்துகள்தான் திறந்திருந்தன. அதனால் டாங்கி என்றால் ஒரே ஒரு டாங்கி. அது ஒரு படையின் பகுதி என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை. அதுவே படை.

சாயத்துக்கு மதுராந்தகம் கடைத்தெருவின் ஹார்டுவேர் கடைதான். கதவு, ஜன்னல், சைக்கிள் மட்கார்டு இவற்றுக்கான எனாமல், சின்ன டப்பாவில் கிடைக்கும். எல்லாமே பளபளப்பு வகை. ராணுவப் பச்சை என்று ஒரு நிறம் அந்தக் கடையின் வண்ணப் பலகையில் கிடையாது. ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் லாரிகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த ஓர் அண்ணன்தான் வழி சொன்னார். இலைப் பச்சையில் கறுப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கடைசியில் மஞ்சள் ஒரு துளி. டர்பன்டைன் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதற்கு அவர் அளவு சொல்லவில்லை. குச்சியைத் தூக்கிக் காட்டி, "நூலா இறங்கணும் தம்பி, சொட்டா விழக்கூடாது" என்றார். இன்று ஏர்பிரஷ்ஷுக்குச் சாயம் கரைக்கும்போதும் அந்தக் குச்சிதான் என் அளவுகோல். கிண்ணத்தின் பக்கச் சுவரில் பால்போல் வழிய வேண்டும் என்று இன்றைய காணொளிகளில் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே பக்குவம்தான்.

பெரியப்பா ஆவடியில் வேலை பார்த்தார். 1961-ல் அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பு, 105 மில்லிமீட்டர் பீரங்கி. இருபது ஆண்டுகளுக்குள் இரண்டாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். விடுமுறைக்குப் போனபோது ஒருநாள் காலையில், தெரு அதிர, நான் முதன்முதலாக நிஜ டாங்கியைப் பார்த்தேன். அது மின்னியது. கழுவி வைத்த எவர்சில்வர் பாத்திரம்போல மின்னியது. தொழிற்சாலை வாசலில் பார்த்த பிள்ளைக்கு டாங்கி என்றால் அப்படித்தான் இருக்கும். ஆகவே என் ஷெர்மனின் பளபளப்பைப் பிழையென்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் கண்ட டாங்கியைத்தான் தீட்டினேன்.

பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் சேறு பூசிய மாதிரி டாங்கியின் படம் ஒருமுறை கிடைத்தது. பெல்ஜியத்தின் பிரான்சுவா வெர்லிண்டன் போன்றவர்கள் 1970களிலேயே இந்தக் கலையைப் பரப்பிவிட்டிருந்தார்கள். நீர்த்த கருஞ்சாயத்தைப் பள்ளங்களில் ஓடவிடுவது ஒன்று. சாயத்தை ஏறக்குறைய துடைத்துவிட்ட உலர்ந்த தூரிகையால் மேடுகளை மட்டும் வருடுவது மற்றொன்று. இந்த இரண்டாலும் சின்னப் பொருளுக்குப் பெரிய பொருளின் எடை வந்துவிடும். எனக்கு இதெல்லாம் தெரியாது. படத்தைப் பார்த்துவிட்டு, வாசலில் மண்ணைக் குழைத்து ஷெர்மன் பக்கம் கொண்டுபோனேன். அப்பா கையைப் பிடித்துக்கொண்டார்.

"புதுசா வாங்கின பொருளை எவனாவது அழுக்காக்குவானாடா?"

அந்தக் கேள்விக்கு அன்று பதில் இல்லை. இப்போது யோசித்தால் அவர் பக்கம் நியாயம் தெரிகிறது. எங்கள் வீட்டில் எல்லாமே பழையது. அப்பாவின் சைக்கிள் தாத்தாவுடையது. பாடப்புத்தகம் அக்காவுடையது. தகரப் பெட்டியில் துரு, கூடத்துச் சுவரில் காரை உதிர்ந்த இடம், படாளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டரின் பெட்டியில் பெயிண்ட் உரிந்து தெரியும் மூன்று அடுக்கு நிறம். பழமையைப் பார்க்க எங்களுக்குப் பொம்மை வேண்டியதில்லை. அந்த வீட்டில் மின்னிய பொருள் அந்த டாங்கி ஒன்றுதான். அதன்மேல் மண்ணைப் பூசுவதை அவர் எப்படிப் பொறுப்பார்?

அம்மாவின் உலகமும் அதே பக்கம். நவராத்திரிக்கு முன்னால் வண்ணம் மங்கிய கொலுப் பொம்மைகளைத் துணியில் சுற்றிக் காஞ்சிபுரம் எடுத்துப்போவாள். அங்கே பொம்மைக்காரத் தெருவில் களிமண்ணிலும் காகிதக் கூழிலும் பொம்மை செய்யும் குடும்பங்கள் உண்டு. முகம் கறுத்த தசாவதாரம் அங்கே போய்ப் புதுப்பொலிவோடு திரும்பும். விழி திறப்பதை மட்டும் கடைசியில் செய்வார்கள். ஒரே மூச்சில், கை நடுங்காமல். பொம்மைக்குத் தீட்டுதல் என்றால் பழசைப் புதிதாக்குதல் என்றுதான் அந்தத் தெருவும் எங்கள் வீடும் அறிந்திருந்தன. ஒரு வருடம் கொலுவின் கீழே, ராகி முளைவிட்ட பூங்காவில், கிரிக்கெட் விளையாடும் பொம்மைகளுக்கும் செட்டியார் கடைக்கும் நடுவே ஷெர்மனையும் வைக்க அம்மா சம்மதித்தாள். விளக்கு வெளிச்சத்தில் மற்ற பொம்மைகளுக்குச் சற்றும் குறையாமல் அது ஜொலித்தது.

விளையாட்டும் நடந்தது. நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ் 1913-ல் வெளியிட்ட சிறு நூலில், ஈயச் சிப்பாய்களை வைத்துத் தரையில் போர் நடத்தும் விதிகளை எழுதிவைத்தார். சுருள்வில் பொம்மைப் பீரங்கியால் சுட்டு வீழ்த்துவது அவர் முறை. அந்த நூலின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. ஆனால் திண்ணையில் நாங்களும் விதி வகுத்திருந்தோம். தாயக்கட்டையை உருட்டுவோம். தாயம் விழுந்தால் குண்டு பாய்ந்தது என்று பொருள். எதிரிப் படை தீப்பெட்டிகள். பாதுகாப்பு அரண் புளியங்கொட்டை. அசைவுக்கு அளவு சாண். யார் கை என்பதில் சண்டை வந்து, கடைசியில் எல்லோரையும்விடச் சின்னக் கைக்காரனின் சாண்தான் சட்டமானது. ஷெர்மனின் பீரங்கிக் குழல் அந்தப் போர்களில் ஒன்றில்தான் முறிந்தது. இன்று அங்கே இருப்பது விளக்குமாற்றுக் குச்சி.

இடையில் போன முப்பது ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படிப்பு, வேலை, குடும்பம். 2001 ஏப்ரலில் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் விலகின. கதவு திறந்தது. ஜப்பானின் டாமியா பெட்டிகளும் ஸ்பெயினின் வலேஹோ சாயங்களும் ஊர் ஊராக வரத் தொடங்கின. பிறகு வேறொரு கதவு வந்தது. பொம்மைகளுக்கான சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. உள்ளூர் பொம்மைத் தொழிலைக் காக்க வந்த வரி. அதன் நோக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் மாதிரி டாங்கிகளும் அதே தலைப்பின்கீழ் வந்துவிட்டன. அக்கா மகன் அச்சுப்பொறி வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அவனும் நானும் சேர்ந்து மேசைமேல் கட்டிய படை 1965 செப்டம்பர் இந்தியா-பாகிஸ்தான் போரைச் சேர்ந்தது. அந்த மாதம் 8 முதல் 10 வரை பஞ்சாபின் கேம்கரண் பகுதியில், அசல் உத்தர் கிராமத்தைச் சுற்றி நடந்த டாங்கிப் போர். பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் இந்திய டாங்கிகளைவிடப் புதியவை. இந்தியத் தரப்பில் 3-வது குதிரைப்படையின் செஞ்சூரியன்களும், டெக்கான் ஹார்ஸ் படைப்பிரிவின் ஷெர்மன்களும், இலகுவான ஏ.எம்.எக்ஸ். டாங்கிகளும். கரும்புத் தோட்டங்களுக்குள் இந்திய டாங்கிகள் குதிரை லாட வடிவில் பதுங்கியிருந்தன. வயல்களில் தண்ணீர் திறந்துவிடப்பட்டிருந்தது. எடைமிக்க பாட்டன்கள் சேற்றில் சிக்கின. அப்துல் ஹமீது ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் அவற்றை வீழ்த்தி உயிர் நீத்து, பரம்வீர் சக்கரம் பெற்றது இந்தக் களத்தில்தான். எனக்கு இந்தப் போர்மேல் ஈர்ப்பு வந்ததற்குக் காரணம் கரும்பு. இரவில் தண்ணீர் பாய்ந்த கரும்புக் கொல்லையில் கால் வைத்தால் என்ன ஆகும் என்று படாளம் பக்கத்தில் வளர்ந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஸ்குவாட்ரன் என்னும் ஒரு டாங்கிப் பிரிவுக்கு 14 டாங்கிகள். அன்று ஒரு டாங்கிக்கு ஒரு கோடை விடுமுறை முழுதும் போனது. இன்று 14-க்கும் சேர்த்து ஆறு வார இறுதிகள். அச்சுப்பொறி 0.05 மில்லிமீட்டர் அடுக்கு அடுக்காகத் திரவ ரெசினை ஒளியால் உறைய வைக்கிறது. ஒரு தட்டில் நான்கு டாங்கிகள் தலைகீழாகத் தொங்கியபடி வெளியே வருகின்றன. ஆல்கஹாலில் அலசி, புற ஊதா விளக்கில் காட்டி, தாங்கு குச்சிகளைக் கத்தரித்தால் உருவம் தயார். பக்கத் தகடுகளின் திருகுகள்கூட எண்ணும்படி இருக்கின்றன. என் ஷெர்மனில் சக்கரங்கள் எத்தனை என்பதையே ஊகித்துத்தான் ஒட்டினேன். ஒட்டும் தாள் இல்லாததால் ஒரு சக்கரம் இன்றும் இடம் மாறித்தான் இருக்கிறது.

சாயத்தில் நான் கற்றுக்கொண்டவை பல. சின்னப் பொருளுக்கு நிஜ நிறத்தை அப்படியே பூசினால் இருண்டுவிடும். சற்று வெளிறவைத்தால்தான் கண் ஏற்கும். விளையாட்டு டாங்கியை மூன்றடி தூரத்திலிருந்து, மேலிருந்து பார்க்கிறோம். ஆகவே மேற்பரப்பு வெளிர், அடிப்பக்கம் இருள் என்று வேறுபாட்டைக் கொஞ்சம் மிகைப்படுத்த வேண்டும். முதலில் கறுப்பு அடிப்பூச்சு, அதன்மேல் ஏர்பிரஷ்ஷில் மேலிருந்து மட்டும் பச்சை. பிறகு பள்ளங்களில் மெல்லிய பழுப்பு ஓட்டம். கிழிந்த பஞ்சின் நுனியை அடர்பழுப்பில் தொட்டு, விளிம்புகளில் ஒற்றினால் சாயம் உதிர்ந்த தடம். எண்ணெய்ச் சாயத்தில் ஒரு புள்ளி வைத்து, ஈரத் தூரிகையால் கீழே இழுத்தால் மழை வழிந்த கோடு. கடைசியில் உலர் நிறத்தூள். விளையாட்டில் கை படும் பொருள் என்பதால் எல்லாவற்றின்மேலும் ஒளிராத வார்னிஷ். அப்பாவின் காலத்துப் பளபளப்பை ஒழிக்க இன்று தனியாக ஒரு புட்டி விற்கிறார்கள். சாயப் புட்டி ஒன்று 17 மில்லி; விலை 300 ரூபாய் அளவில். புதுத் துரு, பழைய துரு, ஈரச் சேறு, காய்ந்த சேறு, இயந்திர எண்ணெய்க் கறை என்று ஒவ்வோர் அழுக்குக்கும் ஒரு புட்டி.

இந்த வசதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு பையனுக்கு மூர் மார்க்கெட்டும் லாரிக்கடை அண்ணனும் கிடைக்கும் அதிர்ஷ்டம் இப்போது தேவையில்லை. எந்த ஊரிலிருந்தும் கற்கலாம். ஆனால் புட்டியிலிருந்து துருவை எடுப்பவர் துருவைப் பார்ப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இன்று காணும் மாதிரிகளில் பாதி அளவுக்கு மீறித் துருப்பிடித்தவை. போர்க்கள டாங்கிக்கு அவ்வளவு துருப்பிடிக்க நாள் கிடைப்பதில்லை. அதன் முகம் புழுதியும் சேறும் எண்ணெயும்தான். சங்கிலிப் பட்டையில் தரையைத் தொடும் பகுதி துருவே இல்லாமல் வெள்ளியாகத் தேய்ந்திருக்கும். அக்கா மகனின் முதல் செஞ்சூரியன் ஆரஞ்சுப் பழம்போல் இருந்தது.

"வாடா, ஏரிக்குப் போகலாம்" என்றேன்.

மதுராந்தகம் ஏரியில் சில ஆண்டுகளாகத் தூர்வாரும் வேலை நடந்தது. நான் சிறுவனாக இருந்தபோது இந்த ஊரில் சங்கிலிப் பட்டையில் ஓடும் வண்டியைப் பார்த்ததில்லை. ரோடு ரோலர்தான் நாங்கள் கண்ட கனமான இயந்திரம். நாங்கள் போனபோது ஏரியின் வயிற்றில் வரிசையாகப் பொக்லைன்கள். வெள்ளம் வந்த இரவில் ராமர் வந்து கரையைக் காத்ததாக ஊர் நம்பும் அதே ஏரி. வெள்ளைக்காரர் ஏட்டில் இதன் பெயர் 'மதுராந்தகம் டேங்க்'. நம் நாட்டு நீர்நிலைகளுக்கு ஆங்கிலேயர் இட்ட அந்தச் சொல்தான் போர் வண்டிக்கும் போனது. முதல் உலகப் போரில் ரகசியம் காக்க, தண்ணீர்த் தொட்டி செய்வதாகச் சொல்லித்தான் அதைக் கட்டினார்கள். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்ஸின் சோம் களத்தில் அது முதலில் இறங்கியபோது பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது.

கரையில் உட்கார்ந்து இருவரும் ஒரு மணி நேரம் பொக்லைன்களைப் பார்த்தோம். ஈரச் சேறு கறுப்பு. காய்ந்த வண்டல் சாம்பல். இரண்டும் ஒரே பட்டையில், ஒன்றன்மேல் ஒன்றாக. ஓட்டுநர் ஏறி இறங்கும் படியில் மட்டும் மஞ்சள் பெயிண்ட் தேய்ந்து இரும்பு தெரிந்தது. மற்ற இடத்தில் பெயிண்ட் அப்படியே இருந்தது. மண்ணெண்ணெய்க் கறைபோல் டீசல் மூடியைச் சுற்றி ஓர் இருள். அவன் கைப்பேசியில் படம் எடுத்தான். நான் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வண்டல் எடுத்துக்கொண்டேன். வீட்டில் அதை வாணலியில் வறுத்து, டீ வடிகட்டியில் சலித்து, மெல்லிய தூளாக்கினேன்.

"பஞ்சாப் மண்ணு இந்த நிறம் கிடையாது மாமா" என்றான் அவன். "அங்க இதைவிட மஞ்சள் கூட இருக்கும்."

அவன் சொன்னது சரி. பதின்மூன்று செஞ்சூரியன்களுக்கு அவன் தேர்ந்த நிறத்தூளையே போட்டோம். கரும்புக்குத் தென்னந் துடைப்பக் குச்சியும், சோகைக்குக் காய்ந்த நாரும். 14-வது டாங்கிக்கு மட்டும் நான் ஏரி வண்டலைத் தூவினேன். அதுதான் இப்போது மேசைமேல் நிற்பது. மூன்றடி தூரத்திலிருந்தே தெரிகிறது. மற்றவை பொன்பழுப்பு, இது சாம்பல். மேசையில் படையை நிறுத்தும்போது அவன் அதை எப்போதும் கரும்புக்குள் பின்வரிசையில் வைக்கிறான். ஒன்றும் சொல்வதில்லை.

இப்போதைய விளையாட்டில் சாண் கிடையாது, அளவுநாடா உண்டு. தாயக்கட்டை கிடையாது, ஆறுமுகப் பகடை உண்டு: குண்டு பட்டதா என்பதற்கு ஒரு வீச்சு, கவசத்தைத் துளைத்ததா என்பதற்கு இன்னொரு வீச்சு. சண்டை வருவதில்லை, விதிப்புத்தகம் தீர்த்துவைக்கிறது. திண்ணையில் ஐந்தாறு பேர் கத்திக்கொண்டு சூழ்ந்திருந்த இடத்தில் இன்று நாங்கள் இருவர், மூடிய அறையில், விசிறியை அணைத்துவிட்டு, ஏனென்றால் தூள் பறக்கும். அவனுக்கு வேலை நாள்களில் பெங்களூரு. மாதத்துக்கு ஒரு ஞாயிறு கிடைத்தால் அதிகம்.

சென்ற முறை அவன் ஷெர்மனைக் கையில் எடுத்துப் பார்த்தான். பழைய எனாமலைக் கரைத்துக் கழுவிவிட்டு, டெக்கான் ஹார்ஸின் டாங்கியாகத் திரும்பத் தீட்டித் தருகிறேன் என்றான். அளவு பொருந்தாவிட்டாலும் தனியாகக் காட்சிக்கு வைக்கலாமே என்று அன்போடுதான் கேட்டான். அவன் கையில் அது நன்றாகவே வரும். நான் வேண்டாம் என்றேன்.

ஷெர்மன்மேல் தூசி படிந்தால் ஈரத் துணியால் துடைத்துவிடுகிறேன். விளக்குமாற்றுக் குழல் கழன்றுவிடாமல், ஒரு விரலால் தாங்கிக்கொண்டு. பக்கத்தில் நிற்கும் செஞ்சூரியனைத் துடைப்பதில்லை. அதன்மேல் நான் தூவிய ஏரி மண் எது, ஜன்னல் வழியே வந்து படிந்த தெருப்புழுதி எது என்று இப்போது என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.